திராட்சைக் கொடி கொணர்ந்த குரு யார்?

நமது பங்கின் பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கோயில் எழும்பிய கதையை நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதை நம் உபதேசியார் என்னைவிட நன்றாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே திருப்பலிப் பீடத்தில் நாள்தோறும் நம் கண்முன் நிற்கும் ஒரு பொருளின் வரலாற்றை எழுதலாம் என்று துணிந்தேன். இதற்குத் தூண்டுதலாக இருந்தது செங்கம் சாலையில் இரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் ஒரு பழவண்டி.

ஆசிரமத்துப் பக்கம் குடியிருக்கும் வெளிநாட்டவர் சிலர் ஞாயிறு திருப்பலிக்கு நம் கோயிலுக்கு வருவதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டு மூதாட்டி. திராட்சை விளையும் ஊரில் பிறந்தவர். ஒருநாள் மாலை நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அந்தப் பழவண்டியருகே அவரைக் கண்டேன். கறுத்த பன்னீர்த் திராட்சையில் ஒன்றை வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். “ஃபாதர், இந்த வாசனை எனக்குத் தெரியும். இது மஸ்கட். இங்கே எப்படி வந்தது?” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “அம்மா, 1832-இல் உங்கள் நாட்டுக் குரு ஒருவர்தாம் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்” என்றேன். “அப்படியா! அவர் பெயர் என்ன? எந்த ஊர்க்காரர்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. “கம்பத்துச் சரக்கு சாமி, கல்கண்டு மாதிரி இருக்கும்” என்று வண்டிக்காரர் சொன்னதுதான் அன்றைக்கு அங்கே கிடைத்த உறுதியான தகவல்.

இந்த 1832 என்ற ஆண்டையும், “பிரெஞ்சுக் குரு” என்ற சொல்லையும் நான் பிரசங்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்கள் எல்லாம் இதையே எழுதின. இம்மலரின் முதற் பக்கத்தில் மறைபணியாளரின் கொடைகள் என்ற பட்டியலிலும் இந்த வரி சேர்ந்திருந்தது. அதை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில், கடல் கடந்து வந்த ஒரு குருவானவருக்குத் திராட்சைத் தோட்டம் எதற்கு என்பதைப் பார்ப்போம். பொழுதுபோக்குக்காக அல்ல. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியினின்று இயற்கையாய் உண்டானதாயும், கெட்டுப்போகாததாயும் இருக்கவேண்டும். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 815-ஆம் விதியில் இதைச் சொல்லிற்று. 1983-ஆம் ஆண்டின் தொகுப்பு 924-ஆம் விதியில் சொல்கிறது. எழுதப்படுமுன்னும் இதுவே வழக்கம். தென்னங்கள்ளையோ கரும்புச் சாற்றையோ கொண்டு பலி நிறைவேற்ற முடியாது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இல். அதற்கு முன்பு ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக் கணக்கில் ஓடிவந்தன. நிலநடுக்கோட்டு வெயிலை இருமுறை தாண்டி வரும் பீப்பாயில் இரசம் இருக்கிறதா, காடி இருக்கிறதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். காடியானால் அது ஊறுகாய்க்கு ஆகும்; பலிக்கு ஆகாது.

இதற்கு மாற்றாக உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து இரசம் எடுப்பதுண்டு. நிறத்தாலும் சுவையாலும் மெய்யான திராட்சை இரசம் என்று அறியத்தக்கதாயிருந்தால் அது செல்லும் என்று உரோமை 1706-இல் தீர்ப்புச் சொன்னது. குருமடத்தில் ஒழுக்கவியல் வகுப்பில் இதைப் படித்தபோது இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நாங்கள் சிரித்ததுண்டு. ஒரு சாடி இரசத்தை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் பத்துப் பன்னிரண்டு கிராமங்களில் பூசை வைத்த மனிதருக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. அவர் வீட்டு முற்றத்தில் நாலு கொடி பிடித்துவிட்டால் பெருங்கவலை ஒன்று தீர்ந்தது.

ஆனால் நம் நாட்டில் அதற்கு முன் திராட்சையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பதினான்காம் நூற்றாண்டில் இந்தியா வந்த இபன் பதூதா, தக்காணத்தின் தௌலதாபாத்தில் திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இருமுறை காய்ப்பதாகக் குறித்துவைத்தார். தமிழிலும் கொடிமுந்திரி, முந்திரிகை என்ற பழம்பெயர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தார் இன்றும் முந்திரிகை என்றே சொல்வர். அங்கே தோலகட்டியில் 1928-இல் தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைத் தாசர் ஆசிரமத்தின் இரசம் ஊரறிந்தது. ஆகையால் 1832 என்பதைத் தமிழ்நாட்டில் திராட்சைப் பயிர் வேரூன்றிய ஆண்டாகக் கொள்ளலாமே தவிர, திராட்சை என்ற பெயரே அன்றுதான் வந்தது என்று கொள்ளல் ஆகாது.

தோட்டக்கலை நூல்கள் சொல்வது இதுதான்: 1832-ஐ ஒட்டிக் கிறிஸ்தவ மறைபணியாளர் சேலம், மதுரைப் பகுதிகளில் திராட்சையைப் புகுத்தினர். இதை நம் திருச்சபை வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். சேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டது. நொபிலியும் அருளானந்தரும் வீரமாமுனிவரும் உழைத்த பழைய மதுரை மிஷன் அதோடு தளர்ந்தது. 1776 முதல் புதுச்சேரியை நடுவாகக் கொண்டு உள்நாட்டுப் பணியை ஏற்றவர்கள் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள். சேசு சபையினர் மீண்டும் வந்தது 1837-இல்தான். பெர்த்ராந்து, கார்னியர், மார்த்தின், தெ ரான்கே என்ற நால்வர் புதுச்சேரியில் இறங்கி, 1838-இல் மதுரை நாட்டுக்குச் சென்றனர். ஆகவே 1832 என்ற ஆண்டு சரியானால், கொடி கொணர்ந்த பிரெஞ்சுக் குரு மதுரை சேசு சபையினராக இருக்க முடியாது. பெரும்பாலும் பாரிஸ் சபையைச் சேர்ந்தவராகவே இருக்கவேண்டும். மதுரைச் சேசு சபையாரின் புகழுக்கு இதனால் குறைவொன்றும் இல்லை. அவர்களுக்கு வேறு புகழ் நிறைய உண்டு.

பெயர் ஏன் தங்கவில்லை? நமக்கு அருகே சேத்துப்பட்டில் லூர்து மாதா கோயிலைக் கட்டிய தாராஸ் சுவாமிகளும் பாரிஸ் சபையினரே. அவர் 1916-இல் மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆகியும் அப்பகுதிப் பாட்டிமார் அவர் பெயரைப் பக்தியோடு சொல்வர். ஞானஸ்நானம் கொடுத்தவரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, கோயில் கட்டியவரின் பெயர் கல்லில் இருக்கிறது, கொடி நட்டவரின் பெயரை எழுத ஏடு எதுவும் ஏற்படவில்லை. 1830-களில் வந்த ஐரோப்பியக் குருக்களில் பலர் சில ஆண்டுகளிலேயே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர்கள் என்பதையும் மறக்கலாகாது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் “பெயர் தெரியாத பாரிஸ் சபைக் குரு” என்று ஒரு சொல்லைத் திருத்தி நிம்மதியாயிருப்பேன். அடுத்து வந்ததுதான் என்னைத் திகைக்க வைத்தது.

நாம் பன்னீர்த் திராட்சை என்று சொல்லும் வகைக்கு உலகப் பெயர் மஸ்கட் ஆம்பர்க். இது காட்டில் கிடைத்ததன்று. மனிதர் கையால் உண்டானது. இங்கிலாந்தில் பெட்போர்டு மாவட்டத்து ரெஸ்ட் பார்க் என்ற பிரபுவின் மாளிகையில் தோட்டக்காரராக இருந்த சேவார்டு ஸ்நோ என்பவர், கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த கறுப்பு ஆம்பர்க் திராட்சையையும் அலெக்சாந்திரிய மஸ்கட் என்ற வெள்ளைத் திராட்சையையும் சேர்த்து இதை உருவாக்கினார். நம் காலத்து மரபணுச் சோதனையும் இந்தப் பெற்றோரை உறுதி செய்துவிட்டது. ஆனால் அவர் இதைச் செய்தது 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில்! 1832-இல் உலகில் எங்கும் இல்லாத கொடியை எந்தக் குருவானவரும் கப்பலில் ஏற்றியிருக்க முடியாது.

அப்படியானால் நாம் சொல்லிவந்தது பொய்யா? பொய் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு உண்மைகள் ஒன்றாய் ஒட்டிக்கொண்டன என்றே கருதுகிறேன். திராட்சையை மறைபணியாளர் பரப்பியது ஒன்று. பன்னீர் வகை பின்னொரு நாள் வேறொரு கையால் வந்து, தன் வாசனையாலும் விளைச்சலாலும் மற்ற வகைகளைப் பின்தள்ளியது மற்றொன்று. நிலைத்து நின்ற வகையின் மேல் முதல் வகையின் ஆண்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. குடும்பங்களிலும் இது நடப்பதுதான். பாட்டனார் வாங்கிய நிலத்தில் தந்தையார் கட்டிய வீட்டைப் பேரன் “தாத்தா கட்டிய வீடு” என்பான்.

இதே போன்ற தோட்டம் ஒன்றின் பிறப்பு வேறோர் இடத்தில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அதை இங்கே சொன்னால் நாம் இழந்தது எது என்பது விளங்கும். 1848-இல் ஆஸ்திரியாவில் புரட்சி மூண்டபோது சேசு சபையினர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு பிரான்ஸ் வெய்கர்ட் என்ற சிலேசிய விவசாயி, கத்தோலிக்கக் குடும்பங்களைத் திரட்டித் தென் ஆஸ்திரேலியாவில் குடியேறப் புறப்பட்டார். அவர்களுக்கு ஆன்ம குருவாக அலோய்சியுஸ் கிரானெவிட்டர் என்ற சேசு சபைக் குரு உடன் சென்றார். ‘ஆல்பிரட்’ என்ற கப்பல் டிசம்பரில் அடிலெய்டு துறையை அடைந்தது. கரை சேர்ந்ததும் கூட்டம் சிதறிவிட்டது. வெய்கர்ட்டும் சில குடும்பங்களும் குருவானவரும் வடக்கே கிளேர் என்னும் குன்றுப் பகுதிக்குப் போனார்கள். 1851-இல் அங்கே நூறு ஏக்கர் வாங்கி, உரோமையின் ஏழு குன்றுகளை நினைத்து செவன்ஹில் என்று பெயரிட்டனர். அருகிலிருந்த பங்கரி என்ற ஆட்டுப் பண்ணையிலிருந்து கொடிப் போத்துகள் பெற்று நட்டார்கள். நோக்கம் ஒன்றே: பலிக்கு இரசம் வேண்டும். சகோதரர் யோவான் ஷ்ரைனர் அங்கே முதல் இரசம் தயாரித்தவர். 1864-இல் கல் நாட்டிய புனித அலோய்சியுஸ் கோயில் 1875-இல் முடிந்தது. அந்தத் தோட்டம் இன்றும் சேசு சபையினருடையதாகவே இருக்கிறது. இன்றும் அங்கிருந்து பலிக்குரிய இரசம் போகிறது.

கவனியுங்கள்: குரு பெயர் இருக்கிறது, கப்பல் பெயர் இருக்கிறது, போத்து கொடுத்த பண்ணையின் பெயரும் இருக்கிறது. இத்தனை இருந்தும் அந்தக் கிளேர் பகுதியார்கூடத் தங்கள் திராட்சை ஒன்றைக் கிளேர் ரீஸ்லிங் என்று நெடுங்காலம் அழைத்து வந்தனர். 1970-களில் பிரெஞ்சு நிபுணர் ஒருவர் வந்து இலையைப் பார்த்து, இது ரீஸ்லிங்கே அன்று, குரூஷன் என்ற வேறு வகை என்று சொல்லிவிட்டார். பதிவேடு வைத்திருந்தவர்களே வகையில் தவறினார்கள் என்று அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாயிருந்தது.

நம் ஊர்க் கொடிக்கு வருவோம். செவன்ஹில்லுக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே குளிர்காலத்தில் கொடி உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. இங்கே உறக்கமே கிடையாது. கவாத்து வெட்டினால்தான் அது அடுத்த காய்ப்புக்கு விழிக்கும். மார்கழி, தையில் வெட்டினால் சித்திரை, வைகாசியில் பழம். வைகாசி, ஆனியில் வெட்டினால் ஆவணி, புரட்டாசியில் பழம். ஐரோப்பியரின் குட்டைச் செடி முறையை விட்டுவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தலாகப் படரவிட்டார்கள். நான் ஒருமுறை கம்பம் பள்ளத்தாக்கில் நண்பர் குருவானவரோடு அப்பந்தலின்கீழ் நடந்திருக்கிறேன். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே பச்சை நிழல், தலைக்கு மேல் குலைகள், குனிந்தே நடக்கவேண்டும். மேற்கே தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலை. 1895-இல் பெரியாற்று அணை முடிந்து மலையைக் குடைந்து தண்ணீர் இப்பக்கம் திரும்பியிராவிட்டால் அங்கே இத்தனை பசுமைக்கு வழியில்லை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி என்று வரிசையாக ஊர்கள். ராயப்பன்பட்டியில் பழைய கத்தோலிக்கக் குடிகளும் உண்டு.

அங்கே ஒரு விவசாயி நீலத் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டிருந்தார். போர்டோ கலவை என்றார். போர்டோ என்பது பிரான்சில் திராட்சைக்குப் பேர்போன நகரம் என்பது அவருக்குத் தெரியாது. அவர் அறியத் தேவையும் இல்லை. 1880-களில் மில்லார்தே என்ற பேராசிரியர் அங்கே கண்டறிந்த மருந்து அது. அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது பிறந்த மருந்து. 1832-இல் கொடி கொணர்ந்தவர் இந்த நோயைக் கண்டதே இல்லை; அவர் புறப்பட்ட ஐரோப்பாவில் அது அப்போது கிடையாது. மழைக்காலத்தில் குலை முழுவதும் கருகிப் போகும்போது நம் விவசாயி படும் பாடு அவருக்குப் புரிந்திராது. முற்றத்து நாலு கொடியைத் தோட்டமாக்கி, கடன் வாங்கிக் கல்தூண் நட்டு, ஈரக்காற்றோடு மல்லுக்கு நின்று, லாரியேற்றித் திருவண்ணாமலை வண்டிக்கடை வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் இவர்கள். இவர்களுடைய பெயர்களும் எந்த நூலிலும் இல்லை.

ஒன்று சொல்லவேண்டும். இந்தப் பழத்துக்குப் பன்னீர் என்று பெயர் வைத்த தமிழனின் மூக்கு பொல்லாத மூக்கு. ரோஜாவுக்கு மணம் தரும் ஜெரானியால் என்ற பொருள் மஸ்கட் இனத் திராட்சையிலும் இருப்பதாக இரசாயன நூலார் கண்டிருக்கிறார்கள். சோதனைச் சாலை இல்லாமலே ஒருவன் அதை முகர்ந்து சொல்லிவிட்டான்.

இரசத்தின் கதை வேறு திசையில் போயிற்று. 1937-இல் இராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பிற்காலத்தில் திருப்பலி இரசத்துக்கென்றே தமிழக அரசு 1984-இல் தனி விதிகள் வகுத்தது. முற்றத்தில் கொடி வளர்த்துச் சாடியில் இரசம் வைத்த காலம் போய், அனுமதி பெற்ற இடங்களில் அளந்து பெறும் காலம் வந்தது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருப்பலிக்காக வந்த கொடி தமிழ்நாட்டில் பழக்கடைக்கே உரியதாகிவிட்டது. செவன்ஹில்லில் கொடி கோயிலைச் சுற்றியே நின்றது. இங்கே அது மதில் தாண்டி எல்லாச் சமயத்தார் வீட்டுக்கும் போயிற்று. திருக்கார்த்திகைக்கு வரும் இலட்சக்கணக்கானோர் கையில் வாங்கிப் போகும் பழங்களில் இதுவும் ஒன்று.

அந்த மூதாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மோன்ஷனென் அடிகளைத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். குளித்தலையில் சாந்திவனத்தை 1950-இல் தொடங்கிய இருவரில் ஒருவர். மற்றவரான லெ சோ அடிகளோடு 1949 ஜனவரியில் இதே இரமணாசிரமத்துக்கு வந்து இரமணரைக் கண்டவர். “அவர் பிறந்தது ஃப்ளோரி. எங்கள் பக்கத்தில் இரசத்துக்குப் பேர்போன ஊர் அது. அவர் உங்கள் நாட்டில் கொடி நட்டாரா?” என்றார். நடவில்லை என்றேன். “நல்லது, அப்படியானால் அவரைப் பற்றி நீங்கள் தவறாக எழுத வழியில்லை” என்று சொல்லிச் சிரித்தார்.

மலர்க் குழுவினரிடம் முதற் பக்கத்து வரியை இவ்வாறு மாற்றும்படி கேட்டுக்கொண்டேன்: “1832-ஐ ஒட்டி மறைபணியாளர் தமிழ்நாட்டில் திராட்சைப் பயிரைப் பரப்பினர். இன்று நாம் உண்ணும் பன்னீர்த் திராட்சை அதற்குப் பின் வந்த வகை. அதைப் பயிராக்கி வளர்த்தவர்கள் நம் விவசாயிகள்.” பழைய வரியில் ஒரு வீரம் இருந்தது, சாமி, இது சப்பென்று இருக்கிறதே என்று குழுவில் இளைஞர் ஒருவர் வருத்தப்பட்டார். அச்சுக்கூடத்தாரோ இரண்டு வரி கூடிவிட்டது, படத்தைச் சிறிதாக்கவேண்டும் என்றார்கள். சிறிதாக்கச் சொல்லிவிட்டேன், அது என் படந்தான்.